பாணந்திகள் இருந்த தெரு

புளியமரத்தடியில் அழுகிய மீன் நாறும் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் அந்த நாற்றத்தில் ஒரு பனிக்காலம் முழுக்க இருந்திருக்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். மீன் கவிச்சி, ஈரச் சுண்ணாம்பின் காரம், மிதிபட்ட புளியம்பிஞ்சின் புளிப்பு எல்லாம் பனியில் கலந்து தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும். பள்ளிக்கூடத்தில் என் பாவாடையை முகர்ந்து பார்த்தே எந்தத் தெருவென்று சொல்லிவிடுவார்கள். அண்ணாந்து பார்த்தால் கிளைக்குக் கிளை சுள்ளிக் கூடுகள், கூட்டுக்குக் கூடு நெடுநெடுவென்று நிற்கும் பறவைகள், அவை ஒன்றோடொன்று அலகைத் தட்டிக்கொள்ளும் ‘டக டக’ ஓசை. அவற்றுக்குக் குரல் கிடையாது. அந்தத் தெருவில் அப்போது யாருக்குமே பெரிதாகக் குரல் இல்லை.

ஊர் சூளகிரியிலிருந்து உள்ளே போகும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. அதன் பெயரைச் சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை, சொல்லாமலே விடுகிறேன். நாங்கள் விருதுநகர்ப் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்குச் சூளகிரியில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வண்டிகளுக்கான உதிரிபாகம் செய்கிற இடம், மாறி மாறி ஷிப்டு. அங்கேயே வீடு பார்த்தால் வாடகை கட்டுப்படியாகாது என்று ஊருக்குள் வந்து, முனியப்பா என்கிற விவசாயி தன் தோட்டத்து ஓரத்தில் வரிசையாகக் கட்டிவிட்டிருந்த ‘லைன் வீடு’களில் கடைசி வீட்டைப் பிடித்தார். வீட்டுக்கு எதிரே தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் முனியப்பாவின் புளியமரங்கள், அவற்றுக்குப் பின்னால் ஏரி. வீட்டுக்காரர்கள் வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள், சந்தைக்குப் போனால் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அம்மாவுக்கு இந்த மூன்றும் சேர்ந்து ஒரே மொழியாகத்தான் காதில் விழுந்தது. முனியப்பாவின் மனைவி ரத்னம்மா ஏதாவது கேட்டால் அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று சிரித்து வைப்பாள்.

அந்தக் கார்த்திகையில் அம்மாவுக்குக் கிருஷ்ணகிரியில் பிரசவம் ஆனது. ஆண் குழந்தை. நான் பார்க்கவில்லை, சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிறந்தபோதே மூச்சு சரியில்லையாம். செய்ய முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தார்களாம். அம்மா ஆட்டோவில் வந்து இறங்கியபோது கையில் ஒரு கூடையும் மடித்த துண்டும் இருந்தன. நான் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தேன், பின்சீட்டில் யாருமில்லை, அப்பா டிரைவருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியது, யாரைக் கேட்பதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஊரிலிருந்து அப்பாவின் அக்கா வந்து கொஞ்ச நாள் இருந்தார். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் எங்கள் பக்கம் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்தார். வெந்நீர் ஊற்றினார், பூண்டுக் குழம்பு வைத்தார், காதுக்குள் குளிர் புகாமல் அம்மாவின் தலையைச் சுற்றிப் பழைய வேட்டித் துணியைக் கட்டினார். “புள்ள தங்கலைன்னாலும் பச்ச உடம்பு பச்ச உடம்புதேன்” என்பது அவர் பேச்சு. பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூவை வைத்து மார்பில் துணியால் இறுக்கிக் கட்டுவார். வெளியே மீன் நாறும். வீட்டுக்குள் நுழைந்தால் கல்யாண வீடு மாதிரி மல்லிகை மணக்கும். இரண்டுமே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. இன்றைக்கும் நான் தலையில் மல்லிகை வைப்பதில்லை. அத்தை ஊருக்குத் திரும்பிய பிறகும் அம்மா காதுத் துணியை அவிழ்க்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சோறு வைத்தால் எழுந்து உட்காருவாள், தட்டைப் பார்ப்பாள், மறுபடி படுத்துக்கொள்வாள். என்னைப் பார்க்கமாட்டாள். பார்க்கக்கூடாதென்று இல்லை, நான் நின்ற இடத்தில் அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதே நாட்களில்தான் அந்தப் பறவைகளும் வந்து இறங்கின. அந்தப் பக்கத்தில் வேறெந்த ஊரிலும் அவை தங்கியதில்லை என்பார்கள். ஊரில் அவற்றுக்கு ‘கொக்கரே’ என்று பெயர். மஞ்சள்மூக்கு நாரை என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றும் என் இடுப்பைத் தாண்டிய உயரம். வழுக்கைத் தலை செக்கச்செவேல் என்று இருக்கும், நீளமான மஞ்சள் அலகு, வாலருகே மட்டும் யாரோ ரோஸ் பவுடரைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு நிறம். ஏரிக்குப் போவதும் சுள்ளி கொண்டுவருவதும் அடுத்த கூட்டுச் சுள்ளியைத் திருடுவதுமாக நாளெல்லாம் நடமாட்டம். கூடு கட்டி முடித்து முட்டையில் உட்கார்ந்த பிறகு அசைய மாட்டா. தெருவும் அவற்றோடு சேர்ந்து அடங்கிப்போனது. மாரியம்மன் கோவில் ஸ்பீக்கரின் வாயைத் திருப்பி வைத்துத் துணியைச் சுற்றினார்கள். டிராக்டர் தெருமுனையில் ஆரன் அடிப்பதை நிறுத்திக்கொண்டது. எப்போதும் மரத்தடியில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் ஏரிக்கரைக்கு விரட்டப்பட்டார்கள். ஒருநாள் அவர்களில் இரண்டு பேர் எங்கள் வாசலருகே நின்று கத்திக்கொண்டிருந்தபோது, ரத்னம்மா கையில் துடைப்பத்தோடு ஓடிவந்து அடிக்குரலில் சீறினார்.

“சும்னிர்ரோ! பாணந்தி இருக்கறாங்க, கூச்சல் போட்டுக்கினு!”

அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் கன்னடக்காரப் பெண்ணிடம் பாணந்தி என்றால் யார் என்று கேட்டேன். குழந்தை பெற்று வீட்டோடு இருக்கிற பெண் என்றாள். அப்படிப்பட்ட வீட்டருகே சத்தம் போடக்கூடாது, அதிர்ந்து நடக்கக்கூடாது, வெளியிலிருந்து வந்தால் கால் கழுவாமல் உள்ளே போகக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். எங்கள் ஊரில் ‘பச்ச உடம்புக்காரி’ என்பதைத்தான் இவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் தெருவில் குழந்தை பெற்று வீட்டோடு இருந்தவள் என் அம்மா ஒருத்திதான். சாயங்காலம் ஓடிவந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் காதுத் துணியைக் கொஞ்சம் விலக்கி, ஊரே எதற்காகச் சத்தமில்லாமல் இருக்கிறது என்று சொன்னேன்.

அம்மா திரும்பிப் படுத்தாள். “நமக்காண்டியா?” என்றாள்.

ஆமாம் என்றேன். அன்றைக்கு இரவு அவள் சோற்றைப் பிசைந்து முழுதாகச் சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து, எங்கே பாதியில் கையை எடுத்துவிடுவாளோ என்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அம்மா ஊரின் அமைதியைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். துணியை ஒரு பக்கம் தளர்த்தி வைத்துக்கொள்வாள். வைக்கோல் ஏற்றிய வண்டிக்காரர் முனையிலேயே மாட்டின் கழுத்து மணியைக் கழற்றிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “ஏத்தா, மணியக் கழத்திட்டுப் போறாரு பாத்தியா” என்று என்னிடம் சொன்னாள். பொங்கலுக்கு ஒரு வேட்டுச் சத்தம் இல்லை. மாட்டுப் பொங்கலுக்கு எருது ஓட்டும்போதுகூடத் தப்பட்டை இல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். “இந்த ஊருக்காரக முகந்தெரியாத நமக்கு இம்புட்டுச் செய்றாக” என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். எழுந்து நடமாடினாள். ஒருமுறை என் தலையைப் பார்த்து, “எண்ணெ வச்சு எம்புட்டு நாளாச்சு” என்று கேட்டாள். சீப்பை எடுக்கவில்லை, கேட்டதோடு சரி. ஆனாலும் கேட்டாளே என்று இருந்தது.

அப்பாவுக்கு நன்றிக்கடன் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் வாங்கி, என்னையும் கூட்டிக்கொண்டு முனியப்பாவின் வீட்டுக்குப் போனார். பழத்தட்டைப் பார்த்ததுமே முனியப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

“ஏங்க, வீட்ட காலி பண்றீங்களா?”

“ஐயோ இல்லீங்க. எங்க வீட்டுக்காக ஊரே இப்படிச் சத்தங்காட்டாம இருக்கீங்க. அவ இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்து சாப்புடுறா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல…”

முனியப்பாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்பா பாணந்தி என்ற சொல்லைச் சொன்ன பிறகு அவர் ரத்னம்மாவைப் பார்த்தார், அந்த அம்மாள் இவரைப் பார்த்தார், பிறகு முனியப்பா மெதுவாகக் கையைத் தூக்கி மரங்களைக் காட்டினார். கொக்கரேக்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் அவைதான் ஊருக்குப் பாணந்தி. குஞ்சு பறக்கும்வரை அந்த மரங்களின் கீழே சத்தமில்லை, புளி உலுக்குவதில்லை, கிளை வெட்டுவதில்லை, அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். சொல்லி முடித்துவிட்டு அவர் பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் என் கையில் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது அப்பா மரத்தடியிலேயே நின்றுவிட்டார். வெள்ளைச் சட்டையின் தோளில் எச்சம் விழுந்தது, அதைக்கூடத் துடைக்கவில்லை. “அம்மாட்ட சொல்லிறாத, என்ன?” என்றார். நான் வாழைப்பழத்தைத் தின்றபடி தலையாட்டினேன்.

சொல்லக்கூடாத ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு அந்த மாதத்தைக் கழித்தோம். அம்மாவைக் கிணற்றடிக்கு அனுப்பாமல் நானே தண்ணீர் எடுத்தேன். அங்கே ரத்னம்மாவோ வேறு யாருமோ பேச்சுவாக்கில் போட்டு உடைத்துவிட்டால் அம்மா மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள் என்பது மட்டுந்தான் எனக்குத் தெரியும். அப்பாவும் அதற்காகவே நைட் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு பகலில் வீட்டில் தூங்கினார். மேலே குஞ்சுகள் வந்துவிட்டன. பஞ்சு ஒட்டிய பழந்துணி மாதிரி இருக்கும், அழகென்று யாரும் சொல்லிவிட முடியாது. பெரியவற்றுக்கு இல்லாத குரலெல்லாம் சேர்த்துக் குஞ்சுகளுக்கு இருந்தது, கரகரவென்று பசிக்குக் கத்திக்கொண்டே இருக்கும். தாயோ தகப்பனோ ஏரியிலிருந்து வந்து கூட்டில் மீனைக் கக்கும். பாதி மீன் கீழே விழும், அதற்குத் தெரு நாய்களும் பூனைகளும் காத்துக்கிடக்கும். வெயில் ஏறிவிட்டால் பெரிய பறவை கூட்டின் விளிம்பில் நின்று இறக்கை இரண்டையும் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கட்டும். வாயைத் திறந்துகொண்டு, இப்படி அப்படி அசையாமல், உச்சி வெயில் முழுக்க அப்படியே நிற்கும். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாததால் பார்த்தேன்.

தை மாதக் கடைசியில் ஒரு கல்யாண ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. மேளத்தைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். தவில்காரர் தவிலின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டார். மாப்பிள்ளை காரை விட்டு இறங்கி, வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி எல்லோரோடும் நடந்து வந்தார். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா தலையில் காதுத் துணியோடு, வீட்டுப் புடவையோடு தெருவில் இறங்கிவிட்டாள். ஊர்வலத்தின் எதிரே போய் நின்று இரண்டு கையையும் கூப்பினாள்.

“எனக்காண்டிக் கல்யாண மேளத்தயே நிப்பாட்டிட்டீகளே. நல்லா இருப்பீக சாமி. புள்ளகுட்டியோட நல்லா இருப்பீக.”

எல்லோரும் நின்றுவிட்டார்கள். இந்த அம்மாளுக்கு என்ன வந்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் சிரித்தபடி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், “யம்மோவ், உனுக்கு இல்லம்மா, மேல பாரு, அதுங்களுக்கு” என்றாள். கூட இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பறவைகள் வந்து அத்தனை நாள் கழித்து அவள் அவற்றை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். எங்கள் வீட்டு விவரம் தெரிந்த வேறொரு பெண் மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்து, அம்மாவின் எதிரே வராமல் தெருவின் அந்த ஓரமாக நடத்திக்கொண்டு போனாள். அதை அம்மா பார்த்தாளா என்று தெரியாது, நான் பார்த்தேன். ஊர்வலம் கடந்து போனது. ஏரி திரும்பும் இடத்தில் மேளம் மறுபடி ஆரம்பித்தது. அம்மா கூப்பிய கையைப் பிரிக்காமல் அங்கேயே நின்றாள்.

ரத்னம்மா ஓடிவந்து அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: நான் பாணந்தி இல்லையா? அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், எழுந்து வந்து கதவருகே நின்ற அப்பாவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

“கொழந்த இருக்கற வீட்டத்தாம்மா நாங்க அப்படிச் சொல்றது. கொழந்த இல்லாத வீட்டுக்கு… எங்கள்ல அப்படிப் பேரு இல்லம்மா. வாயில வராது.”

அவர் போன பிறகு அம்மா என்னிடம், இது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அப்பாவைக் கேட்கவில்லை. காதுத் துணியை அவிழ்த்து, உதறி, நாலாக மடித்து அலமாரியில் வைத்தாள். நான் பயந்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கோபப்படவும் இல்லை, வருத்தப்பட்ட மாதிரியும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், பாத்திரம் கழுவினாள், மீதி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்தாள். எங்கள் மூன்று பேருக்குமே ஊசி போட்டு மரத்துப்போன ஈறு மாதிரி இருந்தது, கடித்தால்கூடத் தெரியாது.

மாசி மாதம் ஒரு குஞ்சு கூட்டிலிருந்து விழுந்தது. விழுந்தபோது உயிர் இருந்தது, பிறகு இல்லை. மேலே அதன் தாய் மற்றக் குஞ்சுகளுக்கு இறக்கை விரித்து நின்றதே தவிரக் கீழே குனிந்து பார்க்கவில்லை. “அது கீழ வராது போல” என்றாள் அம்மா. எச்சம் விழுந்த மண்ணை எருவுக்காக வாரும்போது ரத்னம்மா அந்தக் குஞ்சையும் சேர்த்துக் கூடையில் வாரிக்கொண்டு போய் எருக்குழியில் கொட்டினார், ஊரில் எல்லோரும் செய்வதுதான். அம்மா அந்தக் கூடை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“எங்க வச்சீக?”

அப்பாவுக்கு எதைக் கேட்கிறாள் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. தென்பெண்ணைக் கரையில் ஒரு இடம், கூட வந்த ஆள்தான் குழி வெட்டினார் என்றார். அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அடையாளம் எதுவும் வைக்கவில்லை, திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள், வந்துவிட்டேன் என்றார். சட்டைப் பித்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுவிட்டார். அம்மா எழுந்து போய் அதைச் சரியாக மாட்டிவிட்டாள். டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தாள்.

பங்குனியில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கின. முதலில் கிளைக்குக் கிளை, பிறகு ஏரிவரை, பிறகு ஒருநாள் போனவை இரவு திரும்பவில்லை. மரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று நிச்சயமான பிறகுதான் ஊர் வாயைத் திறக்கும். யுகாதிக்கு முந்தின நாள் அது. ‘தம்மட்டை’ அடிக்கிறவர்கள் நாலு பேர் வந்து, வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, முதல் அடியை அந்த மரங்களின் கீழேயே போட்டார்கள். அத்தனை மாதம் அடக்கி வைத்த சத்தம் முழுக்க ஒரே நாளில் கிளம்பியது. கோவில் ஸ்பீக்கரை எங்கள் தெருப்பக்கம் திருப்பினார்கள். பிள்ளைகள் பதுக்கி வைத்திருந்த வெடியெல்லாம் வெளியே வந்தது. டிராக்டர்கூட நின்ற இடத்தில் நின்று சும்மாவே ஆரன் அடித்தது. முனியப்பா தொரட்டியோடு ஏறிப் புளியை உலுக்கினார், அதைப் பார்த்துக் கூட்டம் விசில் அடித்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. முதலில் கொட்டாவி விடுகிறாள் என்றுதான் நினைத்தேன். கையைக் காதிலிருந்து எடுத்தும் எனக்குத் தம்மட்டைச் சத்தம்தான் கேட்டது. கிட்டே போய், அவள் வயிற்றில் முகத்தை வைத்த பிறகுதான் தெரிந்தது, அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுதாள் என்றால் விம்மலில்லை, கத்தினாள், எங்கள் ஊரில் சாவு வீட்டில் மாரில் அடித்துக்கொண்டு கத்துவார்களே அப்படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீரை நான் பார்த்திருக்கவில்லை. தனக்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தவள் அந்த அமைதியில் எப்படி அழுவாள்? தனக்கில்லை என்று தெரிந்த பிறகு எந்த உரிமையில் அதைக் கலைப்பாள்? இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்வது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் வயிறு என் கன்னத்தில் அதிர்ந்ததும், அவள் கை என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்திருந்ததும்தான். வலித்தது. விடச் சொல்லவில்லை. தெருவில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மேளம் ஓயும்வரை அழுதாள். ஓய்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, “தலைக்கு எண்ணெ வச்சு விடுறேன், அந்தச் சீப்ப எடு” என்றாள்.

பிறகு நாங்கள் ஓசூருக்குக் குடிபோய்விட்டோம். அப்பாவின் கம்பெனி மாறியது. நானும் படித்து, வேறொரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். வேலை விஷயமாகச் சூளகிரிக்குப் போனபோது அந்த ஊர் வழியாக ஒருமுறை காரை விடச் சொன்னேன். சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். மரங்கள் இருந்த இடத்தில் நீல நிறத் தகடு போட்ட நீளமான கிடங்கு. வாசலில் லாரிகள் பின்னால் வரும்போதெல்லாம் விடாமல் ‘பீங் பீங்’ என்று கத்துகின்றன. ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. டீக்கடையில் இருந்த பையனிடம் கொக்கரே இப்போதும் இருக்கிறதா என்று கேட்டேன், அப்படி ஒரு கடை இங்கே இல்லையே என்றான். எனக்குத் துக்கமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். ஒன்றும் இல்லை. டீ நன்றாக இருந்தது, இன்னொன்று வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

போன ஆடியில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி குத்த வந்த நர்ஸ் சின்னப் பெண். வயதானவர்களைக் கேட்காமல் கூட இருப்பவர்களைக் கேட்பதுதானே இப்போது வழக்கம், அவளும் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், அம்மாவுக்கு எத்தனை பிரசவம் என்று. நான் யோசிக்கவே இல்லை, ஒன்று என்றேன். எங்கே கேட்டாலும் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று சொல்லிப் பழகிய வாய்.

“ரெண்டு” என்றாள் அம்மா. கண்ணை மூடித்தான் படுத்திருந்தாள்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். “ரெண்டாவது யாரும்மா?”

“பையன். இவளுக்குத் தம்பி.”

அந்தச் சொல் எங்கள் வீட்டில் அதற்குமுன் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. அப்பா சொன்னதில்லை, நான் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை, குழந்தை என்றுதான் நினைத்திருக்கிறேன், இதோ இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு ஒரு தம்பி. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் ஊசியின் மேல் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, கையை மடக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.